கறுப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும்

மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு மாலையில் என் கணவர் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பொழிச்சலூர்ப் பட்டறையிலிருந்து மாடம்பாக்கம் வரை அவருடைய கூட்டாளிதான் வண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். இரண்டு கண்களும் சிவந்து வீங்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. நான் குழந்தையோடு அலறியடித்து எழுந்தேன்.

“ஒண்ணும் இல்ல தங்கச்சி, வெல்டிங் அடிச்சிக்கிச்சு. கண்ணுல மணல வாரிப் போட்டா மாதிரி இருக்கும், அவ்ளோதான். தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா காலையில சரியாப் பூடும். மத்தவன்லாம் அதுக்கு வூடு வூடா அலையணும். இவனுக்கு வூட்லயே கீது” என்றார் கூட்டாளி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். செருப்பைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, பிரசவத்துக்கு முன்பு வரை பள்ளியில் பாடம் நடத்தியவள். கண்ணில் பால் விடுவதா என்று ஒரு நொடி தயங்கினேன். அவர் தலையணையில் முகத்தைப் புரட்டிக்கொண்டு முனகியதைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் கொஞ்சம் எடுத்து, இமையைப் பிரித்து, இரண்டு கண்ணிலும் விட்டேன். காலையில் கண் திறந்தார். அடுத்த நாள் வேலைக்கே போய்விட்டார்.

பால் குணப்படுத்தியதா, அந்தப் புண் தானாகவே ஆறியதா என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள் நான். குழந்தை அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். எதையும் இரண்டு முறை சந்தேகப்படுகிற நான் இதை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை.

அதன் பிறகு அந்த வருடம் மூன்று நான்கு முறை பால் விட்டிருப்பேன். பட்டறையில் அதற்குக் கேலி வேறு. ஒருநாள் அவர் கூட்டாளியோடு போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். “இன்னா மச்சான், புள்ளைக்கு மிச்சம் வச்சியா இல்லியா?” என்று மறுமுனையில் குரல் கேட்டது. நான் சமையலறையிலிருந்து வருவதைப் பார்த்ததும் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வேலையில் என்னால் செய்ய முடிந்த ஒன்று அது.

அவருடைய வேலையை நான் அவருடைய சட்டைகளிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ராடு வெல்டிங் செய்த நாளில் சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும். கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் ராடில்தான். ராடு கரைய கரைய மேலே கசடு படியும். அதைச் சுத்தியால் தட்டி எடுத்தால்தான் உள்ளே பற்றவைத்த இடம் தெரியும். கோ2 வெல்டிங்கில் ராடு மாற்ற வேண்டியதில்லை, கம்பி தானாகவே ஓடிவரும். கல்யாணத்துக்கு முன்பு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் அவர் ஒப்பந்த வேலையில் இருந்தபோது நாள் முழுக்க அதுதான். பட்டறை தொடங்கிய பிறகு பெரும்பாலும் ஆர்கான் வாயு வெல்டிங். ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஸ்டீல் மேஜை, பாத்திரம் கழுவும் தொட்டி, இட்லிப் பாத்திரம் வைக்கும் அடுக்கு செய்கிறார்கள். மெல்லிய தகட்டுக்கு ஆர்கான்தான் சரி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கம்பி. டார்ச்சின் ஊசிமுனை தகட்டைத் தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில் நிற்க வேண்டும். தொட்டால் ஊசி கெட்டுவிடும், விலகினால் தகடு ஓட்டையாகும். அந்தத் தூரத்தைக் கண்தான் அளக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி இருந்தது. முகமூடியில் இருக்கும் கண்ணாடி எவ்வளவு கறுப்போ, அவ்வளவு பாதுகாப்பு. கண்ணாடிக்கு நம்பர் உண்டு. அவருடையது பதினொன்று. அதைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் பார்த்தால் சூரியன் மட்டும் சின்னக் காசுபோலத் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. முகமூடியை இறக்க மறந்தாலோ, பக்கத்தில் பற்றவைப்பவரின் வெளிச்சம் அடித்தாலோ சில மணி நேரத்தில் கண்ணில் மணல் ஏறிவிடும். தப்பு செய்தால் வலிக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிய கணக்கு அதுதான்.

கையில் பிடித்துச் செய்யும் லேசர் வெல்டிங் பற்றி முதலில் பேச்செடுத்தது அவர் இல்லை, நான்தான். குழந்தையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பேன். ஒருவர் பேனா பிடிப்பதுபோல் ஒரு துப்பாக்கியைப் பிடித்துத் தகட்டின்மேல் இழுத்துக்கொண்டே போனார். பொறி பெரிதாகப் பறக்கவில்லை. புகை கொஞ்சம்தான். பற்றவைத்த இடம் தலைவகிடு மாதிரி ஒரே கோடாக இருந்தது. தகடு நீலம் பூக்கவில்லை, நெளியவில்லை. எனக்கு அவருடைய இருமல் நினைவுக்கு வந்தது. அந்த நெஞ்சின்மேல்தான் மகள் தினமும் தூங்குகிறாள் என்பதும்.

ஒன்பதாம் வகுப்புப் பாடக்குறிப்புக்காக வாங்கி, எழுதாமல் கிடந்த நோட்டை எடுத்தேன். ராடு, கோ2, ஆர்கான், லேசர் என்று நான்கு பத்திகள் போட்டேன். இடது ஓரத்தில் சூடு, புகை, வேகம், தகடு நெளிவது, பழகும் காலம், கண் என்று எழுதினேன். தேர்வுக்குப் படிப்பதுபோல் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். தடித்த இரும்புக்கு ராடும் கோ2-வும் போதும் என்றும், இரண்டு தகட்டுக்கும் இடையே சின்ன இடைவெளி இருந்தால்கூட லேசர் ஏற்காது, வெட்டு துல்லியமாக இருக்க வேண்டும் என்றும் நேர்மையாகவே எழுதினேன். லேசரைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கண் என்ற வரிசையில் மூன்று கட்டங்களில் ‘வெளிச்சம் அதிகம், வலி’ என்று எழுதினேன். நான்காவது கட்டத்தில் ‘வெளிச்சம் குறைவு’ என்று எழுதினேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த நான்காவது கட்டம் தப்பு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் குறைவுதான்.

அவருக்கு உடனே பிடிக்கவில்லை. “ஆர்கான்ல என்ன குறை? எனக்குக் கை வந்த வேலைம்மா” என்றார். நான் விடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். கூட்டாளியிடம் சொல்லச் சொன்னேன். மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது இரண்டு பேரும் சேர்ந்து மிஷினை வாங்கினார்கள். வந்து இறங்கிய அன்று நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சக்கரம் வைத்த பெரிய பெட்டி. கூட்டாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இன்னா மச்சான் இது, ஐஸ் பொட்டி மாதிரி கீது? வெயில் காலத்துல ஆளுக்கு ஒரு குச்சி ஐஸ் குடுக்குமா?”

“குடுக்கும். கையை உள்ள வுடு, எலும்பு வரைக்கும் ஜில்லுனு இருக்கும்” என்றார் என் கணவர்.

மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஓட்டிக் காட்டினார். நான் குழந்தையோடு தகர மறைப்புக்கு வெளியே நின்றுகொண்டேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்ததால் அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. “கண்ணாடி கண்டிப்பா போடணும் சார், மறந்துடாதீங்க” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

மிஷினோடு வந்த கையேட்டையும், ஒரு டப்பாவில் வந்த பச்சைக் கண்ணாடியையும் என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தேன். உடன் வரும் கண்ணாடியை அணிய வேண்டும் என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஏதோ எண்கள் இருந்தன. அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது, ராகுகாலம்கூடப் படிக்க முடிந்தது. தொட்டிலில் மகள் காலை ஆட்டிச் சிரிப்பது தெரிந்தது. எல்லாம் கொஞ்சம் பச்சையாக இருந்தன, அவ்வளவுதான். பிறகு அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

“என்னங்க இது, திருவிழாவுல குழந்தைங்களுக்கு வாங்கிக் குடுக்கிற கண்ணாடி மாதிரி இருக்கு.”

அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார். “ஆமா. உன் மூஞ்சி பளிச்சுனு தெரியுது டீச்சர். வெல்டிங் கண்ணாடின்னா எதிர்ல எமனே வந்து நின்னாலும் தெரியக் கூடாது.” கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்ப எதைத்தான் போடட்டும்?”

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு பிளாஸ்டிக் கரண்டி வருமே, அதுபோல் ஒப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். “உங்க கறுப்பையே போடுங்க. இதை நம்பிக் கண்ணைக் குடுக்க முடியுமா?” என்றேன்.

“டீச்சர் சொன்னா சரி.”

நான் பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வானவில் வரைந்து, அதன் இரண்டு பக்கமும் கோடு போட்டு, இந்தப் பக்கம் புற ஊதா, அந்தப் பக்கம் அகச்சிவப்பு, இரண்டும் நம் கண்ணுக்குத் தெரியாது என்று நடத்தியிருக்கிறேன். தெரியாது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்லியிருக்கிறேன். விளையாட்டு மைதானத்தில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கிக் காட்டியிருக்கிறேன். அந்தக் கண்ணாடியும் கண்ணில் இருக்கும் வில்லையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இத்தனையும் தெரிந்தவள்தான் மேஜையருகே நின்று அந்தப் பதிலைச் சொன்னேன்.

பச்சைக் கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. வீணாகப் போகிறதே என்று ஒருநாள் சின்ன வெங்காயம் உரிக்கும்போது போட்டுக்கொண்டேன். ஓரமெல்லாம் கண்ணைச் சுற்றி நன்றாக ஒட்டியிருக்கும், அதனால் கண்ணே எரியவில்லை. மகள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் போட்டோ எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பினார். “தங்கச்சி சாம்பாருக்கு வெல்டிங் வக்குது” என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்தக் கண்ணாடி சமையலறை ஆணியில், முறத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அவர் சட்டையில் புதிதாக ஓட்டை விழவில்லை. இருமல் குறைந்தது. முன்பு ஒரு நாள் இழுக்கும் வேலை மதியத்துக்குள் முடிகிறது என்றார். கண்ணில் மணல் விழவே இல்லை. பாலாடையை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “கறுப்புக் கண்ணாடியில லேசர் சரியாவே தெரியலம்மா. வெளிச்சம் கம்மி இல்ல? கோடு எங்க போகுதுன்னு தடவ வேண்டியிருக்கு. தகடு நகராம இருக்க அங்கங்க சின்னப் பொட்டு வைக்கும்போது மட்டும் முகமூடியத் தூக்கிடுறேன்.”

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். “கண்ணு வலிக்குதா?”

“சே, கொஞ்சம்கூட இல்ல.”

“அப்ப சரி” என்றேன்.

இந்த ‘அப்ப சரி’யை நான் எத்தனை முறை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று தெரியாது. அவ்வளவு தெளிவாக அவர் வந்து சொன்னார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கலாம்.

மகளுக்குப் பதினொரு மாதம். கண்ணாடி போல மெருகேற்றிய தகட்டில் ஒரு பெரிய தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். உள் மூலையில் பொட்டு வைக்கும்போது ஒரு வெள்ளை மின்னல் தெரிந்ததாம். வலி இல்லை. தண்ணீர் வரவில்லை. வேலையை முடித்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் நிறுத்தி மகளுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டி வீட்டுக்கு வந்தார். “சூரியனப் பாத்துட்டுத் திரும்பினா நடுவுல ஒரு பொட்டு நிக்கும்ல, அது மாதிரி வலது கண்ணுல நிக்குது. தூங்கினா போயிடும்” என்றார்.

நான் மேல்தட்டிலிருந்து பாலாடையை எடுத்தேன்.

அன்றும் விட்டேன், மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாளும் விட்டுவிட்டு, “பரவாயில்லையா?” என்று கேட்டேன். “வலி ஒண்ணும் இல்ல” என்றார். வலி இல்லாததை நாங்கள் இருவரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளை மடியில் வைத்து, மூக்கு எங்கே, காது எங்கே என்று விளையாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு அந்த விளையாட்டு பிடிபட்டிருந்தது. மூக்கு என்றால் தன் மூக்கைத் தொட வேண்டும், தொட்டால் கைதட்ட வேண்டும். இடையில் கண்ணடிப்பது போல் அவர் இடது கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே இருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வேடிக்கை என்று நினைத்துக் குழந்தை தானே மூக்கைத் தொட்டுக் காட்டியது.

“இவ மூஞ்சி இல்ல” என்றார்.

“என்னங்க?”

“முடி தெரியுது. காது ரெண்டும் தெரியுது. கம்மல் தெரியுது. நடுவுல இல்ல.”

மறுநாள் காலை முதல் ஆளாகத் தாம்பரத்தில் கண் மருத்துவமனை வாசலில் நின்றோம். மருத்துவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. ஸ்கேன் எடுத்துப் படத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். அடுக்கடுக்காகக் கோடுகள், நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடுகள் அறுந்திருந்தன. ராடும் ஆர்கானும் கண்ணின் மேல்தோலைச் சுடுகின்றன, அந்தத் தோலில் வலி தெரியும், இரண்டு நாளில் புதிதாக வளர்ந்துவிடும் என்றார். லேசர் மேல்தோலை ஒன்றும் செய்யாமல் உள்ளே போகிறது. கண்ணின் வில்லையே அதைக் குவித்து விழித்திரையில் போடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்ட இடம் திரும்ப வளராது.

காகிதம் பொசுங்கும் வாசனை எனக்கு அந்த அறையில் வந்தது.

“என்ன கிளாஸ் போட்டிருந்தீங்க?” என்று அவரிடம் கேட்டார்.

“கறுப்புதான் மேடம். வெல்டிங் முகமூடி. சின்னப் பொட்டு வைக்கும்போது நானே தூக்கிட்டேன். என் தப்புதான்.”

“மிஷினோட ஒரு கிளாஸ் வந்திருக்குமே? பாக்க லேசா இருக்கும், ஆனா அதுதான் அந்த ஒளியைத் தடுக்கும். கறுப்பா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. “எங்கேயோ வச்சுட்டேன் மேடம்” என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த ஆணியில் என்றும் தெரியும்.

வேறு ஒன்றை மட்டும் கேட்டேன். “மூணு நாள் தாய்ப்பால் விட்டேன் மேடம். முதல் நாளே வந்திருந்தா?” பால் விடவே கூடாது, கிருமி தொற்றிவிடும் என்று முதலில் கடிந்துகொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “முதல் நாளே வந்திருந்தாலும் பெருசா மாறியிருக்கும்னு நான் நினைக்கல. ஆனா உறுதியா சொல்ல முடியாது” என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். மிஷின் ஓடும்போது வேறு யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்றும் அவர் கேட்டார். தகர மறைப்புக்கு வெளியே நின்ற அந்த ஒரு நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கேயே மகளின் கண்களையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் சாப்பிடட்டும் என்று பொறுத்தேன். தூங்கட்டும் என்று பொறுத்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. அவரும் அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வருவார். ஆணி இருக்கும் பக்கம் பார்க்காமல் சொம்பை எடுத்துக்கொண்டு போவார். பார்க்காமல்தான் போனாரா, பார்க்க முடியாமல் போனாரா? அதையும் நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் கூட்டாளி வந்தார். பாதியில் நின்ற தொட்டிகளை முடித்தாக வேண்டும்.

“தங்கச்சி, அந்தப் பச்சைக் கண்ணாடி உங்க வூட்லதானே கீது? புதுசுக்கு ஆர்டர் சொல்லிகீறேன், வர வரைக்கும் அத்தப் போட்டுகினு ஓட்டுறேன்.”

அவரும் அதுவரை கறுப்புதான் போட்டிருந்தார். அவருடைய கண்ணைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. முகமூடியைத் தூக்கிய நேரம் அவருக்கு எதிரே ஒளியைத் திருப்பி அடிக்கிற மூலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் உள்ளே போய்க் கண்ணாடியைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“இன்னா தங்கச்சி, வெங்காய வாசன போவலியே? சாம்பார் வெல்டிங்…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து மகளுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். “நான்தான் அண்ணா சொன்னேன். இதைப் போட வேணாம்னு, கறுப்பைப் போடச் சொல்லி நான்தான் சொன்னேன். அவர் என்கிட்ட கேட்டார். கேட்டதுக்கு நான் சொன்னேன்.”

கூட்டாளிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. “வுடு தங்கச்சி. நானுந்தான் அதப் போட்டேன். யாரு கண்டா?” என்று முனகிவிட்டு, கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தார். அது நுழையவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு என் கணவர் இரண்டாவது சாக்ஸையும் மாட்டி முடித்தார். “நானும் போட்டுப் பாத்தேன்ல. எனக்கும் கறுப்புதான் நல்லதுன்னு தோணுச்சு. நீ சொல்லலேன்னாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.”

“அப்ப ஏன் என்கிட்ட கேட்டீங்க?”

மகளைத் தரையில் இறக்கிவிட்டார். அவர் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. உண்மையாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்று ஒரு நாள் தோன்றும். கேட்டது என்னைப் பெருமைப்படுத்தத்தான் என்று இன்னொரு நாள் தோன்றும். வெங்காயத்தை இப்போது வெறுங்கண்ணோடுதான் உரிக்கிறேன். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அவர் ஆர்கானுக்கே திரும்ப முயன்றார். ஊசிமுனை தகட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தது. தூரத்தை அளக்க இரண்டு கண்ணும் வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் பழைய தகடுகளில் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, டார்ச்சைச் சுற்றி மாட்டிவிட்டார். லேசரைக் கூட்டாளி ஓட்டுகிறார், இப்போது இரண்டு பச்சைக் கண்ணாடிகள் இருக்கின்றன. என் கணவர் பட்டறையின் மறுமுனையில் ராடு பிடித்து கேட் செய்கிறார். கேட்டுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம் என்கிறார். சட்டையில் மறுபடியும் ஓட்டைகள் விழுகின்றன. பற்றவைத்த பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, விரலால் தடவிப் பார்க்கிறார். வீட்டிலும் மகளைப் பார்க்கும்போது அதே சாய்வுதான். அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்திருப்பாள்.

போன மாதம் ஒரு மாலையில் கூட்டாளி மறுபடியும் அவரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு கண்களும் சிவந்து வீங்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. ராடு எப்போது இரும்பைத் தொடும் என்று அவருக்குத் தெரியவில்லை. முகமூடியை இறக்குவதற்குள் பற்றிக்கொண்டிருக்கிறது. அன்று மட்டும் ஏழெட்டு முறை அப்படி நடந்ததாம்.

மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பால் மறந்து பல மாதம் ஆகிறது. இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, அதே மருத்துவரிடம் போனோம். மேல்தோல்தான், இரண்டு நாளில் ஆறிவிடும் என்றார். சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்.

“வலது கண்ணும் வலிக்குதா?” என்று கேட்டேன், ஆட்டோவில்.

“ரெண்டும்தான். வலதுலதான் ஜாஸ்தி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கண்ணில் வலி என்று அவர் சொல்லி நான் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறிய பிறகு அதன் நடுவில் என்ன இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் கட்டிலில் படுக்கவைத்தேன். மகள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்கட்டைத் தொடப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, தன் முகத்தை அவர் முகத்தருகே கொண்டுபோய், “அப்பா, மூக்கு எங்க?” என்று கேட்டாள்.

அவர் தலையைச் சாய்க்கவில்லை. கையை உயர்த்தி, காற்றில் ஒரு கணம் நிறுத்தி, விரல் நுனியை நேராக அவளுடைய மூக்கின்மேல் வைத்தார். அவள் கைதட்டினாள்.